ஆஷாடம் முடிந்தும் ஆடி முடியவில்லை

சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குப் பிறவியிலேயே வராது. சாப்பிடும்போது காலாட்டுவேன். பஸ்ஸில் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டிக் கிழிப்பேன். போனில் பேசினால் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பேன். காலாட்டினால் குடும்பம் ஆடும் என்று அம்மா தொடையிலேயே ஒன்று வைப்பாள். கல்யாணமான முதல் வருஷம் என் குடும்பம் ஆடத்தான் செய்தது. ஆனால் அதற்குக் காரணம் கால் இல்லை, வாய். ஊரெல்லாம் வாயாடி என்று பேர் வைத்த அந்த வாய், பேச வேண்டிய ஒரே இடத்தில் மூடிக்கொண்டது.

தடாவுக்குப் பக்கத்தில் ஸ்ரீசிட்டியில் ஒரு போன் கம்பெனியில் எனக்கு வேலை. போனுக்குள் போகிற சின்னச் சர்க்யூட் பலகைகளைக் கண்ணாடியில் பெரிதாக்கிப் பார்த்து, நன்றாக இருந்தால் இடது பக்கத் தட்டில் வைக்க வேண்டும். அது ஓகே தட்டு. பழுது இருந்தால் வலது பக்கம், என்ஜி தட்டு. என்ஜி என்றால் நோ குட் என்று சேர்ந்த அன்று சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு அது ஆங்கிலம் என்பதே எங்களுக்கு மறந்துபோனது. கேன்டீன் சாம்பார் என்ஜி, ஹாஸ்டல் பாத்ரூம் என்ஜி, பெண் பார்க்க வந்து மூன்று தட்டு பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனவன் பெரிய என்ஜி.

அந்தத் தட்டுகளுக்கு இரண்டு சட்டம் உண்டு. என்ஜியில் போட்டால் என்ன பழுது என்று சின்னச் சீட்டில் காரணம் எழுத வேண்டும். போட்டதற்காக யாரும் திட்ட மாட்டார்கள். ஆனால் பழுதானதை ஓகே என்று அனுப்பிவிட்டால் தொலைந்தோம், சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்பார். எங்கள் வரிசையில் அதிகமாக என்ஜி போடுகிறவள் நான்தான். எனக்கு அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

பக்கத்து சீட்டில் உட்காருகிறவள் எனக்கு முந்தின வருஷம் கல்யாணம் செய்துகொண்டு போனாள். நாலே மாதத்தில் பெட்டியோடு ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்தாள். என்ன ஆச்சு என்று எத்தனை முறை குடைந்தாலும், “ஒத்துவரல” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. எனக்கு நிச்சயம் ஆன வாரம் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை.

“கண்ணாலத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் போயி ஒரு டாக்டரம்மாவப் பாத்துட்டு வாங்க. நான் போவல. போயிருந்தா, இன்னா கேக்கணும்னாச்சும் தெரிஞ்சிருக்கும்” என்றாள்.

திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியின் மாடியில், கல்யாணம் ஆகப்போகிறவர்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்கிப் பேசுகிற டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார் என்று இடமும் சொன்னாள். அதற்குப் பிறகுதான் சாப்பிட்டாள்.

எனக்கு நிச்சயித்தவர் திருப்பதியில் ஏசி மெக்கானிக். தூரத்துச் சொந்தம், அதனால் நிச்சயத்தன்றே மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவர்கள் வீட்டிலும் பேச்சு தமிழ்தான். ஆனால் தாத்தா காலத்திலேயே திருப்பதிக்குப் போய்விட்டதால் பண்டிகை, பஞ்சாங்கம் எல்லாம் தெலுங்குக் கணக்கு. எங்கள் வீடு பாகாலாவுக்கும் சித்தூருக்கும் நடுவே ஒரு ஊரில். நைனாவும் அம்மாவும் ஊரார் நிலத்தில் கூலி செய்து, பிறகு சொந்தமாகக் கொஞ்சம் வாங்கித் தக்காளி போடுகிறவர்கள். எங்களுக்குச் சித்திரை பிறந்தால்தான் வருஷம் பிறக்கும். இந்தக் கணக்கு வித்தியாசத்தை நிச்சயத்தன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான்.

டாக்டரம்மாவைப் பற்றிப் போனில் அவரிடம் நேராகவே கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து மூன்று முறை ஹலோ சொன்னேன்.

“இருக்கறேன். சரி, போலாம்” என்றார். எந்த ஆம்பிளை இதற்குச் சரி சொல்வான்? அந்தச் சரிக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

முகூர்த்தப் புடவை எடுக்க இரண்டு வீட்டாரும் திருப்பதியில் கூடிய நாள். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாக போட்டோ எடுப்பது இப்போது எங்கள் பக்கமும் வந்துவிட்டது. அதனால் போட்டோக்காரரிடம் பேசிவிட்டு வருகிறோம் என்று சொன்னதும் ஒருவரும் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரி மாடிப்படி ஏறும்போது அவர் எனக்கு நாலு படி பின்னால் வந்தார். யாராவது பார்த்தால் தனித்தனியாக வந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாமாம்.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தெலுங்குக்காரர், தமிழும் பேசினார். மேஜையிலிருந்த வெள்ளைத்தாளில் பால்பாயின்ட் பேனாவால் உடம்பின் படத்தைப் போட்டு, வீட்டுக்கு வழி சொல்கிறவர் மாதிரி நிதானமாக விளக்கினார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த உறுப்புகளுக்கான வார்த்தைகள் தமிழில் எனக்குத் தெரியும், எல்லாம் குழாயடிச் சண்டையில் கேட்டவை. தெலுங்கிலும் தெரியும், அவை பத்தாம் வகுப்பில் டீச்சர் நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று தாண்டிப்போன பாடத்தில் இருந்தவை. கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் பேசுவதற்கென்று எந்தப் பாஷையிலும் என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

“ஆரம்பத்துல வலி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வலிச்சா பொறுத்துக்கறது ஒண்ணும் பெருமை இல்லம்மா. நீ சொல்லணும். இவர் கேக்கணும். சந்தோசம் ரெண்டு பேருக்கும் வரணும். ஒருத்தருக்கு மட்டும் வந்தா அது பாதி வேலை” என்றார்.

பிறகு ஆளுக்கொரு கேள்வித்தாள் கொடுத்து, அறையின் இரண்டு மூலைகளில் உட்கார வைத்தார். தெலுங்கில் ஒரு பக்கம். குழந்தை எப்போது வேண்டும், எதற்குப் பயம், எது பிடிக்கும். கடைசியில் இரண்டு கேள்வி: வலித்தாலோ பிடிக்காவிட்டாலோ துணையிடம் சொல்வீர்களா? துணைக்கு எப்படி இருந்தது என்று கேட்பீர்களா?

பலகை பார்க்கிற வேகத்தில் நாலு நிமிஷத்தில் முடித்துவிட்டேன். பயம் என்ற இடத்தில் ஒன்றுமில்லை என்று எழுதினேன். எது பிடிக்கும் என்பதற்கு எல்லாம் என்று எழுதினேன், ஒன்றும் தெரியாமலேயே. சொல்வீர்களா என்பதற்குச் சொல்வேன் என்று எழுதி அடியில் இரண்டு கோடும் இழுத்தேன். அவர் இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டார். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு அவர் விழித்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பாஸ், இவர் அரியர் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா இரண்டையும் படிக்கவே இல்லை. ஆளுக்கொரு கவரில் போட்டு, பின் அடித்து, அவரவரிடமே கொடுத்தார். “கல்யாணமாகி ஒரு மாசத்துல மாத்திப் படிங்க. படிச்சிட்டுச் சண்டை வந்தா இங்க வாங்க, சண்டையே வரலைன்னாலும் வாங்க” என்றார்.

கீழே இறங்கியதும் போட்டோ எங்கே என்று கேட்பார்களே என்ற பயத்தில், ஜூஸ் கடை வாசலில் மலை பின்னால் தெரிகிற மாதிரி ஒரு செல்ஃபி எடுத்தோம். அந்தப் படம்தான் பிறகு கல்யாண பேனரில் ஆளுயரத்துக்கு நின்றது. இரண்டு பேர் முகத்திலும் வேர்வை. பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டிருப்போம்.

வைகாசியில் கல்யாணம் ஆனது. திருப்பதியில் அவர்கள் வீட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தேன். வலித்தது. முதல் வாரம் எல்லோருக்கும் அப்படித்தான் போல என்று இருந்தேன். இரண்டாவது வாரமும் வலித்தது. மூன்றாவது வாரத்தில், சாயங்காலம் விளக்கேற்றும்போதே உடம்பு இறுக ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் முடிந்ததும் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, “ஓகேவா?” என்று கேட்பார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு, “ஓகே” என்பேன்.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் குடித்துவிட்டு வருகிறவராக, கை ஓங்குகிறவராக இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். நல்ல மனுஷனிடம் சொல்வதுதான் கஷ்டம். சம்பளம் வந்த அன்றைக்கு எனக்குப் பிடித்த காராபூந்தி வாங்கி வருகிறவரிடம், நீங்கள் தொட்டால் எனக்கு நோகிறது என்று எப்படிச் சொல்வது? சொன்னால் பழுது என்னிடம்தான் என்று முடிவாகிவிடுமோ என்ற பயம் வேறு. நானும் ஒத்துவரல என்று ஹாஸ்டலுக்குப் பெட்டி தூக்குவேனோ என்று தோன்றும். வெட்கமும் கோபமும் கலந்து எரிச்சலாக வரும், அந்த எரிச்சலை ரசத்தில் உப்பு குறைவு என்று யார் மேலாவது கொட்டுவேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்ப்பேன். கம்பெனியில் நல்ல பலகையையெல்லாம் என்ஜியில் தள்ள ஆரம்பித்து, உடம்புக்கு என்னம்மா என்று சூப்பர்வைசரே கேட்டார்.

ஒரு மாதம் தாண்டியது. கவர் என் பெட்டியில் புடவைக்கு அடியில் கிடந்தது. அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அப்போதுதான் ஆஷாட மாசம் வந்தது. தெலுங்குக் கணக்கில் அது வந்துவிட்டால் புது மருமகளும் மாமியாரும் ஒரே வாசற்படி தாண்டக்கூடாது. என் மாமியார் நல்லவர், ஆனால் சம்பிரதாயம் என்றால் இறங்கி வர மாட்டார். “ஒரு மாசம் உங்க அம்மா வீட்டுல இரும்மா. ஆஷாடம் போயி சாவணம் பொறந்ததும் நானே வந்து கூட்டிகினு வரேன்” என்றார். ஸ்ரீசிட்டி வேலையை அம்மா வீட்டிலிருந்து பார்க்க முடியாது. ஆகவே வாரமெல்லாம் பழைய ஹாஸ்டல், ஞாயிற்றுக்கிழமை அம்மா வீடு என்று ஏற்பாடானது.

பஸ் ஏறும்போது எனக்கு நெஞ்சு லேசாயிற்று, வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான். ஜன்னல் வழியே அவர் முகத்தைப் பார்த்தேன். அங்கேயும் அதே நிம்மதி. எனக்குச் சுருக்கென்றது. நான் நிம்மதிப்படலாம், இவர் எப்படிப் படலாம் என்று தடா வரைக்கும் மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன்.

தடாவிலிருந்து அம்மா வீட்டுக்குப் போவதென்றால் புருஷன் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் திருப்பதியில் பஸ் மாறுவேன். அங்கிருந்து அவர் வீட்டுக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம். போகக்கூடாது. முதல் வாரம் அது சிரிப்பாக இருந்தது. மூன்றாவது வாரம், பஸ் கிளம்புவதற்குள் நிலையத்தை ஏழு சுற்றுச் சுற்றினேன். தொட்டால் வலிக்கிற ஆளைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. இது என்ன கிரகசாரம் என்று எனக்கே புரியவில்லை.

ஆஷாடம் முடிந்தது. மாமியார் சொன்ன சொல் தவறாமல் அம்மாவுக்குப் போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கீரை ஆய்ந்தாள்.

“எங்க கணக்குக்கு முடிஞ்சிச்சி சம்மந்தி, பொண்ண அனுப்புங்க.”

“உங்க கணக்குக்கு முடிஞ்சிச்சி. எங்களுக்கு ஆடி பொறந்து ஒரு வாரந்தான் ஆவுது. ஆடியில போயி சேந்தா சித்திரையில புள்ள பொறக்கும். அதுக்கு யாரு பதில் சொல்றது?”

ஒருவர் சம்பிரதாயத்தை இன்னொருவர் குறைத்துப் பேச முடியாது என்பதால் இரண்டு பேரும் மரியாதையாக ஒத்துக்கொண்டார்கள். இரண்டு பஞ்சாங்கத்துக்கு ஒரே ஜோடி அகப்பட்டது. ஒரு மாதம் ஏழு வாரமாயிற்று. சித்திரையில் பிறக்கப்போகிற பிள்ளையைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டவர்கள், அந்தப் பிள்ளைக்கு வழி இருக்கிறதா என்று எங்கள் இருவரில் ஒருவரையாவது கேட்டார்களா? அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் கீரைக்கட்டை எடுத்துக் கொல்லையில் வீசியிருப்பேன்.

அந்த வாரம் ஹாஸ்டலில் பெட்டியைக் குடைந்தபோது கவர் கையில் அகப்பட்டது. உடனே போன் செய்தேன். வழக்கமாக எங்கள் பேச்சு துன்னியா, துன்னேன், தூங்கு என்பதோடு முடிந்துவிடும்.

“உங்க கவர் கீதா மாமா?”

“கீது” என்றார்.

“எடுத்துகினு ஞாயித்துக்கெழம பாகாலா டேசனுக்கு வாங்க.”

திருப்பதியில் எந்த முக்கில் நின்றாலும் அவருடைய சொந்தக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி விசாரிப்பார். எங்கள் ஊரில் கேட்கவே வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் பாகாலா ஜங்ஷன்தான் பொது இடம். தாலி கட்டின புருஷனைப் பார்க்கத் திருடி மாதிரி முக்காடு போட்டுக்கொண்டு போனேன். அவர் டூல்ஸ் பையோடு பாசஞ்சரில் வந்து இறங்கினார், யாராவது கேட்டால் ஏசி ரிப்பேர் என்று சொல்ல. பிளாட்பாரத்தின் கோடியில் இருந்த பெஞ்சில் பையை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தோம். அவர் வேர்க்கடலை வாங்கினார். நான் என் பங்கைத் தோலோடு நசுக்கிக்கொண்டே இருந்தேன்.

கவரை மாற்றிக்கொள்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று ரயிலில் வரும்போது பத்து முறை ஒத்திகை பார்த்திருந்தேன். எந்த வாக்கியமும் வாய் வரைக்கும் வரவில்லை. தமிழில் ஆரம்பித்தால் அசிங்கமாக இருந்தது, தெலுங்கில் ஆரம்பித்தால் பாடம் ஒப்பிப்பது போல் இருந்தது. கடைசியில் கையிலிருந்த தோலை உதறிவிட்டுச் சொன்னேன்.

“நான் ஓகேன்னு சொன்னது எல்லாம் என்ஜி மாமா.”

என் கம்பெனிக் கதையெல்லாம் அவருக்குத் தெரியும். புரியவில்லை என்று அவர் சொல்ல வழியில்லை. தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாமா?”

“எல்லாம். மொத நாள்லருந்து. வலிக்குது. நான் நடிச்சிகினு இருந்தேன்.”

“தெரியும்” என்றார்.

“இன்னா தெரியும்?”

“நீ பல்லக் கடிச்சிகினு ஓகே சொல்றது தெரியும்.”

எனக்குத் தலைக்கு மேல் ஏறியது. ஐந்து வாரம் பல்லைக் கடித்தவள் நான். தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தவர் இவர். “தெரிஞ்சிகினேவா?” என்று எழுந்துவிட்டேன். பிளாட்பாரத்தின் அந்தக் கோடி வரைக்கும் நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன். சித்தூர்ப் பக்கம் போகிற வண்டி வந்து நின்றது. ஏறிப் போய்விடலாம் என்று கம்பியில் கைகூட வைத்தேன். அவர் பெஞ்சை விட்டு எழவில்லை, கூப்பிடவும் இல்லை. ஓடி வந்து கெஞ்சியிருந்தால் ஏறிப் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். வண்டி போனது, நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

“ஏன் கேக்கல?”

“கேட்டேனே, ஓகேவான்னு.”

“அது கேக்கறதா?”

“இல்ல” என்றார். “ஓகேவான்னு கேட்டா ஓகேன்னுதான் வரும்னு தெரிஞ்சிதான் கேட்டேன். எப்படி கீதுன்னு கேட்டு, நீ நல்லா இல்லன்னு சொல்லிட்டா, அப்பால நான் இன்னா பண்றது? ஏசின்னா கழட்டிப் பாப்பேன். எனக்கு இது ஒண்ணும் தெரியாது. கூட்டாளிங்க சொன்ன பொய்யி மட்டுந்தான் தெரியும்.”

பிறகு டூல்ஸ் பையிலிருந்து கவரை எடுத்து நீட்டினார். என்னுடையதை அவரிடம் கொடுத்துவிட்டு, பின்னைப் பிடுங்கிப் பிரித்தேன். எதற்குப் பயம் என்ற இடத்தில், அவளுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விடுமோ என்று எழுதியிருந்தார். எது பிடிக்கும் என்பதற்குத் தெரியவில்லை என்று இருந்தது. கேட்பீர்களா என்ற கேள்விக்கு எதிரே ஒன்றுமே இல்லை. எழுதி, அடித்து, மறுபடி எழுதி, அடித்து, கடைசியில் வெறுமையாக விட்டிருந்தார். இருபது நிமிஷம் அதற்குத்தான் போயிருக்கிறது.

அவர் என் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லை, எல்லாம், சொல்வேன், அடியில் இரண்டு கோடு. என் தாளில் ஒரு வரிகூட உண்மை இல்லை. பழுதானதை ஓகே என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினவள் நான்தான். அவரை அரியர் என்று நினைத்துச் சிரித்தது ஞாபகம் வந்து, அந்தப் பெஞ்சிலேயே அழுதேன். அவர் தோளைத் தொட வந்து, யாராவது பார்ப்பார்களோ என்று கையை இழுத்துக்கொண்டு, வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார்.

அடுத்த வாரம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுத் திருப்பதியில் இறங்கினேன். இருவருமாக அதே மாடிக்குப் போனோம். இந்தத் தடவை அவர் என்னோடு ஒரே படியில் ஏறினார். டாக்டரம்மா என்னைத் தனியாகப் பரிசோதித்தார். பயத்தில் தசை தானாக இறுகிக்கொள்கிறது, நிறையப் பெண்களுக்கு வருவதுதான், பழகப் பழகச் சரியாகும் என்றார். மூச்சை விட்டுத் தளர்த்துகிற பயிற்சி ஒன்று சொல்லிக்கொடுத்தார். பிறகு அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“கொஞ்ச நாளைக்கு முயற்சியே பண்ணாதீங்க. பேசுங்க, கைய புடிச்சிக்குங்க, அது போதும். முடியுமா?”

“ஆடி முடியறவரைக்கும் பிரிஞ்சிதான் மேடம் இருக்கறோம். முன்னாடி ஆஷாடம், இப்ப ஆடி” என்றார் இவர்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “நான் எழுத வேண்டிய மருந்துச் சீட்ட உங்க ரெண்டு அம்மாவும் எழுதிட்டாங்களே” என்றார். எனக்கும் இவருக்கும் சிரிப்பு வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் முறை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குள் நுழைந்தபோதே காற்று சரியில்லை. நைனா என் முகத்தைப் பார்க்காமல் தோட்டத்துக்குப் போய்விட்டார். அம்மா சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். இரண்டாவது கவளத்தில் கேட்டாள்.

“பாகாலா டேசன்ல எவனோட உக்காந்து அழுதுகினு இருந்த?”

எங்கள் தெருக்காரர் ஒருவர் பிறகு வந்த ரயிலின் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். ஆம்பிளையின் முதுகு மட்டும் தெரிந்திருக்கிறது. கல்யாணமாகி மூன்று மாதம் ஆகாத பெண், முக்காடு, அழுகை, பையோடு ஓர் ஆள். மீதியை ஊர் எழுதிக்கொண்டது.

“மாமாவோடதாம்மா.”

“எந்த மாமா?”

“எனக்கு எத்தினி மாமா கீறாங்க? தாலி கட்டனவரு.”

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அடுத்த நிமிஷமே முகம் மாறியது. “ஆடி மாசத்துலயா?”

“பெஞ்சிலதான் உக்காந்தோம். நடுவுல பை இருந்திச்சி.”

“எவ்ளோ பெரிய பை?” என்று கேட்டாளே பார்க்க வேண்டும். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, சிரிப்பு முடிகிற இடத்தில் அழுகையாக மாறிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். வலிக்கிறது என்று சொன்னேன், டாக்டரம்மாவைச் சொன்னேன். அம்மா குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் அப்படித்தான் கெடந்திச்சி. நீ பொறக்கறவரைக்கும்” என்றாள். அவ்வளவுதான். எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். கழுவி வைத்த பானையை அவள் மறுபடி தேய்க்கிற சத்தம் கேட்டது. என் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத் தெரிந்தது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது, ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. போய்ப் பக்கத்தில் நின்று பானையை வாங்கி நான் தேய்த்தேன்.

ஆவணி பிறந்ததும் திருப்பதிக்குத் திரும்பினேன். முதல் ஞாயிற்றுக்கிழமை மாமியார் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தார். காலை பதினொரு மணி இருக்கும். தெருவில் கீரைக்காரம்மா கூவிக்கொண்டு போனாள். அறையில் ஃபேன் சத்தம் மட்டும். இத்தனை வாரம் போனில் பேசிப் பழகியிருந்ததால், அவர் பக்கத்தில் வந்து தொட்டபோது முதலில் பயம் இல்லை. பிறகு தொடையில் அந்தப் பழைய இறுக்கம் வந்தது. வாயில் ஓகே என்ற வார்த்தை தயாராக வந்து நின்றது. அதை விழுங்கினேன்.

“என்ஜி” என்றேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

அவர் உடனே கையை எடுத்துவிட்டார். எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முகத்தில் பயம் இருந்தது. ஆனால் சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“காரணம்?” என்றார்.

சொன்னேன். எங்கே, எப்படி, எது வேண்டாம், எது பரவாயில்லை என்று எல்லாம் சொன்னேன். குழாயடி வார்த்தை, பாடப்புத்தக வார்த்தை, கம்பெனி வார்த்தை எல்லாம் கலந்துகட்டி வந்தன. நடுவில் ஒரு தடவை அழுதேன், ஒரு தடவை சிரித்தேன். நான் முடிக்கும்வரை அவருடைய இரண்டு கைகளும் அவர் மடியிலேயே இருந்தன.

“சரி, இப்ப உனக்கு எப்படி வேணும்?” என்று கேட்டார்.

அதற்கு ஓகே என்றும் சொல்ல முடியாது, என்ஜி என்றும் சொல்ல முடியாது. நாலு நிமிஷத்தில் முடிக்கிற என் வேகம் அன்றைக்கு உதவவில்லை. யோசித்தேன். அவர் காத்திருந்தார்.